தொடக்கப் பள்ளியில் கணக்கில் முந்தும் பிள்ளைகள்: ராமநாதபுரம் கடலோரப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

தொண்டி முதல் மூக்கையூர் வரை, ராமேஸ்வரம் தீவையும் சேர்த்து, 3, 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் வழக்கமாகக் கேட்பவை இவை. பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

சிங்கப்பூர், அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் தங்கள் பிள்ளை ‘அட்வான்ஸ்டு மேத்ஸ்’ வகுப்புக்குத் தேர்வானதாகச் சொல்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளியில் அப்படி உண்டா?

இல்லை. தமிழ்நாட்டில் 1 முதல் 5 வரை எல்லாருக்கும் ஒரே கணக்குப் புத்தகம்தான். வேகமாகப் படிக்கும் பிள்ளைக்கென்று தனி வகுப்போ தனிப் புத்தகமோ கிடையாது.

அமெரிக்காவில் இதை அந்தந்தப் பகுதிப் பள்ளி நிர்வாகம் முடிவு செய்கிறது. ‘காகாட்’ என்ற திறன் தேர்வு (சொல், எண், உருவம் என மூன்று பகுதி), ‘மேப்’ போன்ற பாடத் தேர்வு, ஆசிரியரின் மதிப்பீடு இவற்றில் ஒன்றையோ எல்லாவற்றையுமோ பார்ப்பார்கள். ஊருக்கு ஊர் கட்-ஆஃப் மாறும். சிங்கப்பூரில் 1984 முதல் மூன்றாம் வகுப்பில் தேர்வு வைத்து, மிகச் சிலரைத் தனி வகுப்புக்கு எடுத்து வந்தார்கள். அந்த ஏற்பாட்டை மாற்றுவதாக 2024இல் அறிவித்துவிட்டார்கள். எனவே அங்கிருந்து அனுப்பும் பழைய மாதிரித் தாள்களை வைத்துக்கொண்டு இங்கே பிள்ளையைத் தயார்ப்படுத்துவது வீண் வேலை.

இங்கே முதல் தேர்வு வாசல் 5ஆம் வகுப்பு முடியும்போது வருகிறது, அடுத்தது 8ஆம் வகுப்பில். இரண்டுக்குமான அடித்தளம் 3, 4, 5ஆம் வகுப்புகளில் விழுகிறது.

எண்ணும் எழுத்தும் வகுப்பில் என் மகள் ‘மலர்’ நிலையில் இருக்கிறாள். அதுதானே முன்னேறிய வகுப்பு?

அல்ல. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்பவை பிள்ளை இப்போது எந்த வகுப்பின் திறனில் நிற்கிறது என்பதைக் காட்டுபவை. அரும்பு ஒன்றாம் வகுப்பு நிலை, மொட்டு இரண்டு, மலர் மூன்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளை மலரில் இருந்தால், இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று பொருள். ஒன்றாம் வகுப்பிலோ இரண்டாம் வகுப்பின் தொடக்கத்திலோ மலரில் இருந்தால்தான் அது முந்திய பிள்ளை. திட்டத்தின் நோக்கம் பின்தங்கியவர்களைக் கைதூக்கி விடுவது. முந்தியவர்களுக்கு அதற்குள் பெரிதாக எதுவும் இல்லை.

பிள்ளை உண்மையிலேயே கணக்கில் முந்தியிருக்கிறதா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?

பரீட்சை மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் தெரியாது. கீழே உள்ளவற்றை 4 அல்லது 5ஆம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு நாளுக்கு ஒன்று என்று கேளுங்கள். நேரம் வைக்க வேண்டாம். விடை சரியோ தவறோ, “எப்படி வந்துச்சு?” என்று கேட்டு, சொல்வதைக் கடைசி வரை கேளுங்கள்.

இடமதிப்பு: “நாலாயிரத்து ஆறு” என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். 40006 என்று எழுதினால், காதில் விழுந்ததை 4000, 6 என்று ஒட்டிவைக்கிறது. இடமதிப்பே இன்னும் பிடிபடவில்லை, மேலே போக வேண்டாம். 4006 என்று சரியாக எழுதினால் அடுத்த கேள்வி: “இதுக்குள்ள எத்தனை பத்து இருக்கு?” பெரும்பாலான பிள்ளைகள் பத்தின் இடத்தைப் பார்த்து “ஒண்ணும் இல்லை” என்பார்கள். 400 என்று சொல்லி, பத்து ரூபாய்த் தாளாக மாற்றினால் 400 தாள் வரும் என்று விளக்கும் பிள்ளை வகுப்பைத் தாண்டி நிற்கிறது.

வகுத்தல்: 3618 ÷ 6. வரும் தவறு எப்போதும் ஒன்றுதான்: 63. 36இல் 6 ஆறு தடவை, அடுத்த 1இல் 6 போகாது, உடனே 8ஐயும் இறக்கி 18இல் 3 தடவை. நடுவில் சுழியம் போட மறந்துபோகிறது. முறை தெரிந்த பிள்ளை 603 என்று சொல்லும். முந்திய பிள்ளை “600 தடவைன்னா 3600, மீதி 18க்கு 3” என்று தாளில்லாமலே சொல்லும். 63 வந்தாலும் “அறுபது ஆறு 360தானே, இது மூவாயிரத்துக்கு மேல இருக்கே” என்று தானே திருத்திக்கொண்டால், சரியான விடையைவிட அது பெரிய அறிகுறி.

வாக்கியக் கணக்கு: “கூடையில் இருந்த நண்டில் 17 விற்றபின் 25 மீதம். முதலில் எத்தனை?” விடை 42. ‘விற்ற’, ‘மீதம்’ என்ற சொற்களைக் கண்டதும் கழித்து 8 என்பார்கள். சொல்லைப் பார்த்துக் குறியைத் தேர்ந்தெடுக்கப் பழகியதன் விளைவு இது. ‘மொத்தம் என்றால் கூட்டு, மீதம் என்றால் கழி’ என்று பல டியூஷன்களில் சொல்லித் தருகிறார்கள். மூன்றாம் வகுப்பு வரை மதிப்பெண் வரும், அதற்கப்புறம் அதுவே காலை வாரும்.

பின்னம்: 3/8, 3/5 இவற்றில் பெரியது எது? 8 பெரியது, ஆகவே 3/8 என்பது வழக்கமான தவறு. ஒரே நீளமுள்ள இரண்டு கயிற்றை, ஒன்றை எட்டாகவும் இன்னொன்றை ஐந்தாகவும் மடித்துக் காட்டச் சொன்னால் தெளிவு பிறக்கும். 1/2 + 1/3 கேட்டு 2/5 என்று வந்தால், “பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா பாதிக்குக் கம்மியாகுமா?” என்று மட்டும் கேளுங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

பங்குக் கணக்கு: வல்லம் என்ற நாட்டுப்படகில் மூன்று பேர் போனார்கள். மீன் 8,400 ரூபாய்க்குப் போனது. டீசலும் ஐஸும் 2,400. மீதியில் ஐந்து பங்கு: படகுக்கும் வலைக்கும் 2, ஆளுக்கு 1. ஒருவருக்கு எவ்வளவு? 1,200. இதைக் கடலோரப் பிள்ளைகள் நன்றாகவே போடுவார்கள். இப்போது திருப்பிப் போடுங்கள்: ஆளுக்கு 1,500 கிடைக்க வேண்டுமென்றால் மீன் எவ்வளவுக்குப் போக வேண்டும்? 1,500ஐ ஐந்தால் பெருக்கி, செலவைக் கூட்டி 9,900 என்று பிள்ளை தானாகப் பின்னோக்கிப் போனால், 6ஆம் வகுப்பு இயற்கணிதத்துக்கு அது தயார். ஐந்து சோதனையில் எங்கள் கணிப்புக்கு அதிக எடை தருவது இந்தத் திருப்பிக் கேட்பதுதான்.

வாய்ப்பாடு 20 வரை ஒப்பிக்கிறான். அபாகஸ் மூன்று லெவல் முடித்திருக்கிறான். போதாதா?

வாய்ப்பாடு வேண்டும். 12 வரை தடங்கலில்லாமல் வந்தால் தொடக்கப் பள்ளிக்குப் போதும், 20 வரை தெரிந்தால் தேர்வறையில் நேரம் மிச்சம். அபாகஸ் கூட்டல் கழித்தலின் வேகத்தைக் கூட்டும். மேலே சொன்ன நண்டுக் கணக்கில் எதைச் செய்வது என்று தீர்மானிக்க அது உதவாது. நுழைவுத் தேர்வுகளில் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது இந்தத் தீர்மானத்தில்தான். மாதக் கட்டணம் கட்டுவதா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் அந்தக் காசில் 6ஆம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை அச்சிட்டு வாங்கலாம். பாடநூல்கள் இணையத்தில் இலவசம்.

வகுப்பு ஆசிரியரிடம் என்ன கேட்கலாம்?

“என் பிள்ளைக்குத் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்” என்று கேட்டால் நடக்காது. பல ஒன்றியப் பள்ளிகளில் இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்க்கிறார்கள். செய்யக்கூடியதைக் கேளுங்கள்: வகுப்புக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிட்டால் அடுத்த வகுப்புப் புத்தகத்தைப் போட அனுமதி, வாரம் ஒருமுறை அந்த நோட்டில் ஒரு பார்வை. முடித்த பிள்ளையை மற்றவர்களுக்குச் சொல்லித் தரச் சொல்வது நல்லது, ஆனால் தினமும் அது மட்டுமே என்றால் அந்தப் பிள்ளை நிற்கும் இடத்திலேயே நிற்கும். 6ஆம் வகுப்புக்குப் போனதும் அரசுப் பள்ளியில் வானவில் மன்றம் உண்டு. 6 முதல் 8 வரை அறிவியல், கணக்குச் செயல்பாடுகள் அதில் நடக்கும்.

5ஆம் வகுப்பில் எழுதக்கூடிய, கணக்குக்கு முக்கியத்துவம் உள்ள தேர்வு எது?

சைனிக் பள்ளி (பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் விடுதிப் பள்ளி) நுழைவுத் தேர்வு. தமிழ்நாட்டில் பழைய சைனிக் பள்ளி திருப்பூர் மாவட்டம் அமராவதிநகரில் இருக்கிறது, 1962இல் தொடங்கியது. 6ஆம் வகுப்பில் சேர, சேரும் ஆண்டின் மார்ச் 31 அன்று பிள்ளைக்கு 10 முதல் 12 வயதுக்குள் இருக்க வேண்டும். தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். இது பலருக்குத் தெரியாததால், ஆங்கிலத்துக்குப் பயந்து விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். விண்ணப்பத்தில் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது என்று வைத்துக்கொண்டு கவனமாக நிரப்புங்கள்.

தாள் 300 மதிப்பெண்ணுக்கு, இரண்டரை மணி நேரம், 125 வினா. கணக்கில் 50 வினா, தலா 3 மதிப்பெண், ஆக 150. மொழி, பொது அறிவு, நுண்ணறிவு ஒவ்வொன்றிலும் 25 வினா, தலா 2 மதிப்பெண். ஒவ்வொரு பகுதியிலும் 25 சதவீதம், மொத்தத்தில் 40 சதவீதம் எடுத்தால் தகுதி. பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு இந்த வரம்பு இல்லை. தகுதி பெறுவது வேறு, இடம் கிடைப்பது வேறு. இடம் தரவரிசைப்படிதான். தவறான விடைக்குக் கழித்தல் கிடையாது, ஆகவே ஒரு வினாவையும் வெறுமையாக விடக்கூடாது.

பாதி மதிப்பெண் கணக்கில் இருப்பதால் நேரத்திலும் பாதியை, அதாவது 75 நிமிடத்தை, கணக்குக்கு ஒதுக்குங்கள். ஒரு கணக்குக்கு ஒன்றரை நிமிடம். விடைத்தாள் ஓ.எம்.ஆர்., அதாவது விடைக்குரிய வட்டத்தை நிரப்பும் தாள். ஒரு வினாவைத் தாண்டிப் போகும் பிள்ளை, வட்டத்தைத் தாண்ட மறந்து அடுத்த விடையை முந்தைய வரிசையில் நிரப்பிவிடும். அங்கிருந்து கடைசி வரை எல்லாம் ஒரு வரிசை பிசகும். வீட்டில் 20 வட்ட வரிசை வரைந்து, வேண்டுமென்றே 4ஆவதையும் 9ஆவதையும் விட்டுவிட்டு நிரப்பப் பழக்குங்கள்.

தேர்வு நகரத்தை விண்ணப்பத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். மதுரை கிடைத்தாலும் ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். அதிகாலைப் பேருந்தை நம்பாமல் முதல் நாளே போய்விடுவது நல்லது.

பள்ளியில் நடத்தும் கணக்கு அந்தத் தேர்வுக்குப் போதுமா?

போதாது. 5ஆம் வகுப்புப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தாலும் போதாது. தேர்வில் வரும் மீ.பெ.கா. (மீப்பெரு பொதுக் காரணி), மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு), விகிதம், இலாப நட்டம் ஆகியவை நம் பாடத்திட்டத்தில் 6ஆம் வகுப்பில் வருகின்றன. சதவீதமும் தனிவட்டியும் 7ஆம் வகுப்பு மூன்றாம் பருவத்தில். சராசரி, வேகம், கனசதுரத்தின் கன அளவு, ரோமன் எண், கோண வகைகளையும் கேட்கிறார்கள். அதனால் 5ஆம் வகுப்பின் தொடக்கத்திலேயே முன்பாடத்தைத் தொட வேண்டும்.

வரிசை முக்கியம். காரணி, மடங்கு, பகா எண் முதலில். பிறகு மீ.பெ.கா., மீ.சி.ம. அதன்பின் பின்னக் கூட்டல், ஏனென்றால் பகுதிகளைச் சமமாக்க மீ.சி.ம. தேவை. பிறகு தசமம், விகிதம், ஓரலகு முறை (ஒன்றின் மதிப்பைக் கண்டு மற்றதைக் கணக்கிடுவது), சதவீதம், கடைசியில் இலாப நட்டமும் தனிவட்டியும். சதவீதத்தை முதலில் எடுத்து ‘நூறால் வகு’ என்று சூத்திரமாகக் கொடுத்தால், நட்டச் சதவீதத்தை வாங்கிய விலையில் பார்ப்பதா விற்ற விலையில் பார்ப்பதா என்ற இடத்தில் பிள்ளை முழிக்கும். வாங்கிய விலையில்தான்: 400 ரூபாய்க்கு எடுத்த இறாலை 360க்குத் தள்ளினால் நட்டம் 40, அது 400இல் 10 சதவீதம்.

என்னென்ன சான்றுகள் முன்கூட்டியே வேண்டும்?

பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பெரும்பாலும் இடறுவது இங்கேதான். அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னும் இன்னொன்றில் பின்னும் இருக்கும், அல்லது சேர்க்கையின்போது வாய்மொழியாகச் சொன்ன தேதி பதிவேட்டில் இருக்கும். திருத்த வாரக்கணக்கில் ஆகும்.

பிசி, எம்பிசி குடும்பங்கள் மாநிலச் சாதிச் சான்றை மட்டும் வைத்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். மத்திய அரசுத் தேர்வுக்கு ஓபிசி சான்று, கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாதவர் என்ற குறிப்போடு, தனியாக எடுக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று போகும். இருப்பிடச் சான்றையும் வருமானச் சான்றையும் அதே நடையில் போட்டுவிடுங்கள். வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும், எனவே மிக முன்னால் எடுத்தும் பயனில்லை.

பெண் பிள்ளை சேர முடியுமா? செலவு?

2021–22 முதல் எல்லாச் சைனிக் பள்ளியிலும் பெண் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். கட்டணம் ஆண்டுக்கு லட்சத்தைத் தாண்டும். பெற்றோர் வருமானத்தைப் பொறுத்து மாநில அரசின் உதவித்தொகை உண்டு. அதைக் கேட்டுத் தெளிந்துகொண்டு சேர்ப்பதா என்று முடிவெடுங்கள்.

நவோதயா பள்ளி?

மத்திய அரசின் இந்த விடுதிப் பள்ளி தமிழ்நாட்டில் இல்லை. புதுச்சேரி, காரைக்காலில் உண்டு, ஆனால் அந்தந்த மாவட்டத்தில் வசித்துப் படிக்கும் பிள்ளைதான் அங்கே தேர்வெழுத முடியும். உறவினர் முகவரியைக் கொடுத்து முயல வேண்டாம்.

டபுள் புரமோஷன் வாங்கி ஒரு வகுப்பைத் தாண்டவைக்கலாமா?

பழைய காலத்து வழக்கம். கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பு என்கிறது. தாண்டினாலும் பின்னால் வயது இடிக்கும்: நீட் தேர்வுக்குச் சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். கணக்கில் ஓராண்டு முந்திய பிள்ளை தமிழிலும் ஆங்கிலத்திலும் முந்தியிருப்பது அபூர்வம். கணக்கை மட்டும் மேல் வகுப்புப் புத்தகத்தில் படிக்கவையுங்கள்.

6ஆம் வகுப்பிலிருந்து தனியார் இங்கிலீஷ் மீடியத்தில் போட்டால் கணக்கு இன்னும் நன்றாக வருமே?

வரலாம், வராமலும் போகலாம். மெட்ரிக் பள்ளியிலும் இதே சமச்சீர்க் கணக்குதான், மொழி மட்டும் வேறு. கையைவிட்டுப் போவது என்ன என்பதைக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் இதே 6ஆம் வகுப்புக் கோட்டையே பார்க்கின்றன; அவற்றில் அரசு உதவி பெறும் பள்ளித் தமிழ்வழி மாணவருக்கும் இப்போது இடமுண்டு. அரசு உதவி பெறும் பள்ளி வேறு, அரசுப் பள்ளி வேறு என்பதை மறக்க வேண்டாம்: முன்னது என்றால் 7.5 சதவீதத்தில் வராது. சைனிக் பள்ளியும் அந்தக் கணக்கில் சேராது. 6ஆம் வகுப்பில் மாறி 9இல் திரும்பி வந்தாலும் இழந்தது இழந்ததுதான். கணக்கில் கெட்டியான பிள்ளைக்கு இவை பெரிய வாசல்கள், 5ஆம் வகுப்பு டி.சி. வாங்கும்போதே அவற்றில் பாதி திறக்கவோ மூடவோ செய்கிறது.

8ஆம் வகுப்பில் வரும் என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கு இப்போதே தயாராக வேண்டுமா?

பாடத்துக்கு வேண்டாம், தகுதி விதிகளைத் தெரிந்துவைப்பது நல்லது. மத்திய அரசின் இந்த உதவித்தொகை 2008இல் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளிகளின் 8ஆம் வகுப்பு மாணவர்களுக்கு மட்டும். பெற்றோர் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்குள். 7ஆம் வகுப்பில் 55 சதவீதம். தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 6,695 பேர். மனத்திறன் 90 வினா, பாடத்திறன் 90 வினா, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். பாடத்திறனில் கணக்கு 20தான். ஆனால் மனத்திறனில் எண் தொடர், குறியீடு, உருவ வரிசை எல்லாம் கணக்கு மூளைக்கானவை. 3, 7, 15, 31, அடுத்து என்ன (63, இரட்டித்து ஒன்று கூட்டு) என்ற மாதிரி வினாக்களை 4ஆம் வகுப்பிலிருந்தே விளையாட்டாகப் போடலாம்.

9ஆம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வும் உண்டு. மாவட்டத்துக்கு 50 ஆண், 50 பெண், ஆண்டுக்கு 1,000 ரூபாய். தொகை சிறியது.

ஒலிம்பியாட் எழுதவைக்கலாமா?

பள்ளிகள் வழியாகக் கட்டணம் வாங்கி நடத்தும் தனியார் ஒலிம்பியாட்களின் பதக்கத்தை வைத்து எந்த அரசுப் பள்ளியிலும் இடம் கிடைக்காது. பழக்கத்துக்கு எழுதலாம். கணக்கின் ஆழத்தைத் தொட வேண்டுமென்றால், சென்னையிலிருந்து 1965 முதல் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கத்தின் திறன் போட்டி நல்லது. 5, 6ஆம் வகுப்பினருக்கான தொடக்கநிலை ‘காஸ்’ போட்டி, இரண்டு கட்டமாக. உண்மையான ஒலிம்பியாட் வழி 8ஆம் வகுப்பிலிருந்துதான், ஐ.ஓ.க்யூ.எம். என்ற தேர்வில் தொடங்குகிறது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? மழைக்காலத்தில் பள்ளியே பாதி நாள் இல்லையே?

4ஆம் வகுப்பில் 30 நிமிடம், 5இல் 45. அதற்கு மேல் உட்காரவைத்தால் கை எழுதும், மனது கடலில் இருக்கும். நாளுக்கு 6 முதல் 8 கணக்கு, அதில் 2 நேற்றுத் தவறியவை. தவறுக்கென்று தனி நோட்டு வைத்து, பக்கத்தில் காரணத்தை ஒரே சொல்லில் எழுதுங்கள்: ‘சுழியம்’, ‘வாசிப்பு’, ‘வாய்ப்பாடு’, ‘முறை’. மூன்று வாரத்தில் எந்தச் சொல் அதிகம் என்று பார்த்தால் எதைப் பழக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ‘வாசிப்பு’ அதிகம் வந்தால் கணக்கை நிறுத்திவிட்டுத் தமிழ் வாசிக்கவையுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கை, மழை விடுமுறை என்று போய்விடும். புதுப்பாடத்தை அந்த மாதங்களில் வைக்காதீர்கள், பழைய பாடத்தைத் திருப்பிப் போடுங்கள். புதுப்பாடத்துக்குச் சரியான காலம் 4ஆம் வகுப்பு முடிந்து வரும் கோடை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு வீடுகளில் அப்பாவும் கரையில் இருப்பார். காரணி, மீ.சி.ம., பின்னம் மூன்றையும் அந்த நாள்களில் முடிக்கலாம்.

முதல் முறை சைனிக் தேர்வில் இடம் கிடைக்காவிட்டால்?

அடுத்த மார்ச் 31 அன்றும் வயது வரம்புக்குள் இருந்தால் 6ஆம் வகுப்புக்கே மறுபடி எழுதலாம். இல்லையென்றால் 9ஆம் வகுப்புச் சேர்க்கைக்கு 13 முதல் 15 வயதுக்குள் இன்னொரு வாய்ப்பு வரும். ஆனால் அந்தத் தாள் ஆங்கிலத்தில் மட்டும், எனவே கணக்குச் சொற்களை 7ஆம் வகுப்பிலிருந்தே இரு மொழியிலும் எழுதிப் பழக வேண்டும். இடையில் 8ஆம் வகுப்பு என்.எம்.எம்.எஸ். தேர்வு வரும். மாவட்டத்துக்கு ஒன்று என்று இயங்கும் அரசு மாதிரிப் பள்ளி, 9 முதல் 12 வரை விடுதியோடு இருக்கிறது. தலைமையாசிரியரிடம் 8ஆம் வகுப்புத் தொடக்கத்திலேயே அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வையுங்கள். சுற்றறிக்கை வந்து, விண்ணப்ப நாள் முடிந்தபின் கேள்விப்படுபவர்கள் தீவுப் பகுதியில் அதிகம்.